ஆண்டாள் ஊர் முதல் பருத்திக்காடு வரை: நாட்டுப்புறப் பாட்டுக்காரிக்கு எப்படி மரியாதை செய்வது?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பால்கோவா. ராஜபாளையம் என்றால் நாய். வெளியூர்க்காரர்களிடம் கேட்டால் இந்த இரண்டு பதில்தான் முதலில் வரும். ஆனால், சுமார் 11 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துக் கட்டுகிற இன்னொன்றும் இருக்கிறது. அது பாட்டு.

2018-ம் ஆண்டு பத்ம விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, இளையராஜாவுக்குப் பத்ம விபூஷண் கிடைத்ததை எல்லோரும் கொண்டாடினார்கள். அதே பட்டியலில் இன்னொரு தென்மாவட்டப் பெயரும் இருந்தது. முனைவர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். நாட்டுப்புற இசைக்காகப் பத்மஸ்ரீ பெற்ற இவர், ராஜபாளையம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். வயலிலும் தொட்டில் பக்கத்திலும் பாடப்பட்ட பாட்டுகளைத் தேடிச் சேகரித்து மேடைக்குக் கொண்டுவந்தவர்.

இப்படி ஒரு மூத்த பாடகிக்கு அவர் பிறந்த மண்ணில் மரியாதை செய்ய வேண்டுமென்றால் எப்படிச் செய்வது? பொன்னாடை போர்த்தலாம், மேடை போடலாம், அவர் பாட்டுகளை வேறு பாடகர்களைப் பாடவைத்து ஆல்பமாக வெளியிடலாம். ஆனால், நாட்டுப்புறப் பாட்டு விஷயத்தில் இது அத்தனை எளிதல்ல. ஏன் என்று தெரிய, இந்த 11 கிலோமீட்டரையும் ஒருமுறை போய் வரவேண்டும்.

கோபுரத்துக்குக் கீழே ஒரு தாலாட்டு

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக வரும்போது, ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியதும் கண்ணில் படுவது கோபுரம். 11 நிலைகள், சுமார் 192 அடி உயரம். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. தமிழக அரசின் முத்திரையில் இருப்பது தங்கள் ஊர்க் கோபுரம்தான் என்பது இவ்வூர் மக்களின் நெடுநாள் பெருமை.

கோபுரத்தைப் பார்த்துப் படம் எடுப்பவர்கள் பலர். இந்த ஊரின் பாட்டைக் கவனிப்பவர்கள் குறைவு. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய ஊர் இது. பெரியாழ்வார் பாடியது என்ன? கண்ணனைக் குழந்தையாக்கித் தொட்டிலில் போட்டுத் தாலாட்டு பாடினார். நிலாவைக் கூப்பிட்டுக் காட்டினார். குழந்தைக்குத் தலைவாரிவிடக் காக்காயைத் துணைக்கு அழைத்தார். பெண் பிள்ளைகள் விளையாடும்போது பாடும் உந்திப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டார். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் பெண் பிள்ளைகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். திருப்பாவையின் 30 பாட்டுகளும் விடியற்காலையில் தோழிகளை எழுப்பிக்கொண்டு நோன்புக்குப் போகும் பெண்களின் பாட்டுகள்.

இவையெல்லாம் வீட்டுத் திண்ணையிலும் தெருவிலும் இருந்த பாட்டு வகைகள். ஒரு தாய் பிள்ளைக்குச் சோறூட்டும்போது பாடியது கோயிலுக்குள் போய்ப் பாசுரமானது. பாடிய தாய்மார்களின் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களின் மெட்டும் பேச்சும் நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தின் முதல் ஆயிரத்தில் நிலைத்துவிட்டன.

அந்தப் பாட்டுகள் பிழைத்ததற்குக் காரணம், அவற்றைப் பாட ஆள் இருந்ததுதான். மார்கழியில் திருப்பாவை, ஆடிப்பூரத்தில் தேரோட்டம், எண்ணெய்க்காப்பு உற்சவம் என்று இங்கே வருஷம் முழுக்கப் பாட்டுக்கு வேலை இருக்கிறது. அரையர் சேவை இன்றும் நடக்கும் ஒருசில கோயில்களில் இதுவும் ஒன்று. தலையில் கூம்பு போன்ற குல்லாய், கையில் தாளம். அரையர் பாசுரத்தைப் பாடுவார், அபிநயம் பிடிப்பார், பிறகு பொருள் சொல்வார். பாட்டும் விளக்கமும் சேர்ந்த கச்சேரி என்றே சொல்லலாம்.

ஆண்டாள் சூடிய மாலை சித்திரையில் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. மாலைக்குக்கூட வருஷா வருஷம் போய்வர ஒரு பாதை இருக்கிறது. கோயிலுக்கு வெளியே, வயல்காட்டில் பாடிய பெண்களின் பாட்டுக்கு அப்படி ஒரு பாதை இல்லை. அதற்கு யாராவது புறப்பட்டுப் போகவேண்டியிருந்தது.

வேலைக்கு ஒரு பாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில் வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். மலை கூடவே வரும். வழியெல்லாம் கண்மாய்ப் பாசனத்தில் நெல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. கிழக்கே தள்ளிப் போனால் கரிசல்மண்ணும் பருத்தியும். ராஜபாளையம் மில் 1936-ல் தொடங்கப்பட்டது. அதன்பிறகு ஊரே பஞ்சாலை ஊராக வளர்ந்தது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெய்கிறார்கள்.

இந்த வயல்களில் ஒரு காலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாட்டு இருந்தது. நடவுப் பாட்டில் ஒருத்தி முதல் அடியை எடுத்துக் கொடுப்பாள், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். குனிந்த முதுகு வலிக்காமல் இருக்கவும், எல்லோர் கையும் ஒரே வேகத்தில் போகவும் பாட்டு வேண்டும். நடவு தொடங்கும்போது குலவை போடுவார்கள். ஏற்றம் இறைப்பவர் பாட்டிலேயே எத்தனை சால் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்வார். களையெடுக்க ஒரு பாட்டு, கதிரறுக்க ஒரு பாட்டு, பாரம் இழுக்க ஒரு பாட்டு.

வீட்டுக்குள் வந்தால் தாலாட்டும் ஒப்பாரியும். தாலாட்டில் மாமன், அத்தை, பாட்டி என்று ஒரு குடும்பத்தின் உறவுமுறை அத்தனையும் வந்துவிடும். சொல்ல முடியாத மனக்குறையைக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஒப்பாரியும் அப்படித்தான். செத்தவருக்காக அழுவதுபோல, இருப்பவர்கள் செய்த கொடுமையையும் சபையில் போட்டு உடைத்துவிடலாம். யாரும் தடுக்க முடியாது.

இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. ஏற்றம் போய் மோட்டார் வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, எங்கே பாடுவது? வேலை சுலபமானதில் யாருக்கும் வருத்தம் இல்லை, வருத்தப்படவும் கூடாது. முதுகொடிய நடவு நட்டவளுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால், வேலையோடு ஒட்டிப் பிறந்த பாட்டு, வேலை போனதும் நிற்க இடமில்லாமல் போனது.

பாட்டு சேர்த்த பேராசிரியை

இந்த இடத்தில்தான் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் முக்கியமாகிறார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கலைத் துறையில் பேராசிரியராக இருந்தவர். அவரும் அவர் கணவர் நவநீதகிருஷ்ணனும் ஊர் ஊராகப் போய் முதியவர்கள் பாடப் பாடப் பதிவு செய்தார்கள். சேகரித்ததை நூலகத்தில் பூட்டி வைக்காமல், தாங்களே பாடகர்களாக மேடையேறினார்கள்.

நாட்டுப்புறப் பாட்டைச் சேகரித்தவர்கள் அவர்களுக்கு முன்னும் உண்டு. சார்லஸ் கோவர் என்ற ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் பற்றி 1871-லேயே நூல் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்த பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் 'மலையருவி' என்ற பெயரில் பதிப்பித்தார். நெல்லைச் சீமையில் பேராசிரியர் நா.வானமாமலை பெரும் பணி செய்தார். இந்த நூல்கள் இல்லையென்றால் எத்தனையோ பாடல்கள் காணாமலே போயிருக்கும்.

ஆனால், புத்தகத்தில் பாட்டின் சொல்தான் இருக்கும். மெட்டு இருக்காது. மூச்சு எங்கே விடுவது, எந்த இடத்தில் இழுப்பது, எங்கே குலவை என்பது இருக்காது. அதைக் குரல்தான் தரமுடியும். அந்தக் குறையைத்தான் இந்தத் தம்பதி தீர்த்தார்கள். வானொலி, தொலைக்காட்சி, கேசட், கல்லூரி விழா என்று எங்கெல்லாம் வாய்ப்புக் கிடைத்ததோ அங்கெல்லாம் பாடினார்கள். டவுனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் நடவுப் பாட்டை முதன்முதலில் கேட்டதே கேசட்டில்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் படித்தவர்கள் மத்தியில் கிராமத்துப் பாட்டு என்றாலே ஓர் இளக்காரம் இருந்தது. பட்டம் பெற்ற ஒரு பெண், பல்கலைக்கழகப் பேராசிரியர், மேடையில் நின்று கும்மிப் பாட்டும் தெம்மாங்கும் பாடியது அந்த இளக்காரத்துக்குக் கிடைத்த பதில். கீழே உட்கார்ந்து கேட்ட கிராமத்துப் பெண்ணுக்கு, 'நம்ம பாட்டுக்கும் மேடை உண்டு' என்று தோன்றியிருக்கும்.

டெக்சாஸிலும் பருத்திக்காடுதான்

அமெரிக்காவில் 'கன்ட்ரி மியூசிக்' என்று ஒரு வகை உண்டு. பெயரைத் தமிழில் சொன்னால் நாட்டுப்புற இசைதான். அங்கே மூத்த பாடகர் வில்லி நெல்சன். 1933-ல் டெக்சாஸ் மாகாணத்தில் அபட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர், சிறுவயதில் பருத்திக்காட்டில் பஞ்செடுக்கப் போனவர். கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல.

அவருக்கு 90 வயது ஆனபோது, 2023 ஏப்ரல் 29, 30 ஆகிய இரண்டு இரவுகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் மரியாதைக் கச்சேரி நடந்தது. நீல் யங், நோரா ஜோன்ஸ், ரோசன் கேஷ், ராப் பாடகர் ஸ்னூப் டாக் எனப் பல தலைமுறைக் கலைஞர்கள் வந்து பாடினார்கள். நெல்சனும் மேடையில் பாடினார். அந்த நேரடிப் பதிவு அதே ஆண்டு டிசம்பரில் ஆல்பமாக வெளியானது. இப்போது மொபைலிலேயே கேட்கலாம்.

ஒரு கலைஞர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கண்ணெதிரில், அவர் பாட்டை மற்றவர்கள் பாடிக் காட்டுவது அழகான வழக்கம். நம் ஊரில் பெரும்பாலும் இறந்த பிறகுதான் நினைவேந்தல் என்று கூடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால், ஒரு வித்தியாசம் இருக்கிறது. வில்லி நெல்சன் பாட்டு எழுதுபவரும்கூட. 1961-ல் பேட்ஸி கிளைன் பாடிப் புகழ்பெற்ற 'கிரேஸி' இவர் எழுதியதுதான். 'இது வில்லியின் பாட்டு' என்று சொல்ல அங்கே கையெழுத்து இருக்கிறது. நடவுப் பாட்டுக்குக் கையெழுத்து போட்டவர் யார்?

இது யாருடைய பாட்டு?

பழைய கேசட் உறைகளில், பாடலாசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று மட்டும் அச்சாகியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் எத்தனை பேர்! முதல் அடியை எவளோ ஒருத்தி கட்டியிருப்பாள். இன்னொருத்தி தன் பிறந்த வீட்டு ஊர்ப்பெயரை நுழைத்திருப்பாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவள் பாட்டையும் கூடவே கொண்டுபோயிருப்பாள். அங்கே அது வேறு மெட்டாகியிருக்கும். இப்படிப் பல வாய் மாறி வந்ததுதான் நாம் கேட்கும் பாட்டு.

நாட்டுப்புறப் பாடகர்களின் பெயர்களைப் பாருங்கள். பரவை முனியம்மா, கொல்லங்குடி கருப்பாயி, கிடாக்குழி மாரியம்மாள், புஷ்பவனம் குப்புசாமி. எல்லோருக்கும் ஊர்தான் முதல் பெயர். சினிமா சிலரைத் தமிழ்நாடு முழுக்க அறிமுகப்படுத்தியது. 1985-ல் வந்த 'ஆண்பாவம்' கருப்பாயியையும், 2003-ல் வந்த 'தூள்' முனியம்மாவையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. புகழ் வந்த பிறகும் ஊர்ப்பெயரை அவர்கள் விடவில்லை. பாட்டு தன்னுடையது மட்டுமல்ல, ஊருடையது என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஆக, ஒரு நாட்டுப்புறப் பாடகிக்கு மரியாதைக் கச்சேரி நடத்தினால், அந்த மரியாதை அவரோடு நின்றுவிடாது. அவருக்குப் பாடிக் காட்டிய, பெயர் பதிவாகாத பெண்களுக்கும் அது போய்ச்சேர வேண்டும். அதற்கு நல்ல குரல்வளம் உள்ள நான்கு பாடகர்கள் மட்டும் போதாது. எடுத்துக் கொடுக்க ஒருத்தியும், வாங்கிப் பாட ஒரு கூட்டமும் வேண்டும். நடுவில் குலவை போடக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்பவரும் பாடினால்தான் நாட்டுப்புறப் பாட்டு முழுமையாகும். கைதட்டிவிட்டுப் போகிற கூட்டம் மட்டுமே மிச்சமிருந்தால், ஆல்பம் இருக்கும், பாட்டு இருக்காது.

ராஜபாளையத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல முன்னுதாரணமும் உண்டு. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். கலைக்கு ஓர் இடம் வேண்டும் என்று ஒரு முதல்வருக்குத் தோன்றிய ஊர் இது. வயல்காட்டுப் பாட்டுக்கும் இங்கே இடம் கிடைக்காமல் போகாது.

எங்கே போய்க் கேட்பது?

பாட்டு முழுதாக மறைந்துவிடவும் இல்லை. காலம் பார்த்துப் போனால் கேட்கலாம்.

பங்குனி (மார்ச் – ஏப்ரல்): ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழித் திருவிழா நடக்கும் காலம். இந்தப் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் முளைப்பாரி உண்டு. இருட்டறையில் முளைக்கும் பயிர் செழிப்பாக வளர வேண்டும் என்று பெண்கள் இரவில் கூடிக் கும்மியடித்துப் பாடுவார்கள். பாடத் தெரிந்த பெரியவர்கள் நடுவில் நிற்க, சின்னப் பிள்ளைகள் சுற்றி வந்து கற்றுக்கொள்வார்கள். இன்றைக்கும் பாட்டு கைமாறும் இடம் இதுதான்.

ஆடி (ஜூலை – ஆகஸ்ட்): ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளி. இருக்கன்குடிக்கு நடந்தே வரும் பக்தர்கள் பலர். கூட்டமாக நடப்பவர்களுக்குப் பாட்டுதான் வழித்துணை.

மார்கழி (டிசம்பர் – ஜனவரி): ஆண்டாள் கோயிலில் விடியற்காலைத் திருப்பாவை, பகல்பத்து, இராப்பத்து. பகல்பத்தின் முதல் நாளில் பெரியாழ்வார் வம்சத்தார் வீட்டில் காய்கறிகளைப் பரப்பி ஆண்டாளையும் ரங்கமன்னாரையும் வரவேற்கும் 'பச்சை பரத்தல்' நடக்கும். பிறந்த வீட்டுக்கு மகள் வந்த சந்தோஷம் அங்கே தெரியும்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊர்களிலும் ரயில் நிலையம் உண்டு. மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர், தென்காசி போகும் பேருந்துகள் இரண்டு ஊர் வழியாகவும் போகும். திரும்பும்போது பால்கோவா வாங்க மறக்கமாட்டீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா அது. பால்கோவாவின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. கும்மிப் பாட்டுக்கு அப்படி ஒரு முத்திரை குத்த முடியாது. அதைப் பாடினால்தான் உண்டு.

அதை இந்த ஊருக்கு வந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகவேண்டியிருந்தது. இன்று அந்தக் கருவி எல்லோர் கையிலும் மொபைலாக இருக்கிறது. உங்கள் அப்பத்தாவோ அம்மாச்சியோ நடவு நட்டவராக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். 'எனக்கு எல்லாம் மறந்துபோச்சுப்பா' என்றுதான் முதலில் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள். ஓர் அடி ஞாபகம் வந்தால் அடுத்த அடி தானாக வரும். பதிவு செய்யும்போது பாட்டின் பெயரோடு அவர் பெயரையும், ஊர்ப்பெயரையும், எந்த வேலைக்குப் பாடியது என்பதையும் சேர்த்துச் சொல்லவையுங்கள்.

பிறகு, அந்த முதல் அடியை அவர் எடுத்துக் கொடுக்கும்போது, நீங்கள் வாங்கிப் பாடுங்கள்.